ஊர் நினைவில் நிற்கும் விலங்கை லினோகட்டில் அச்சிடுவது: முதல் குறிப்பிலிருந்து கையெழுத்து வரை

லினோ என்ற தகட்டில் படத்தைச் செதுக்கி, மை பூசித் தாளில் அச்சிடுவதுதான் லினோகட்; செதுக்கும் தகட்டைத்தான் கட்டை என்கிறேன். இதைக் கற்க வருகிறவர்களுக்கு உளி பிடிப்பது இரண்டு மூன்று நாளில் கைக்கு வந்துவிடும். அவர்கள் தடுமாறுவதெல்லாம் அதற்கு முன்னால்தான். எந்த விலங்கு, ஏன் அது, எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதை முடிவு செய்யாமலேயே கட்டையில் கைவைத்துவிடுகிறார்கள். முதல் தாளை உரித்துப் பார்த்தால் சிங்கம் நன்றாகத்தான் வந்திருக்கும். அது எந்த ஊர்ச் சிங்கம் என்று கேட்டால் பதில் இருக்காது.

ஒரு நிலத்தின் நினைவைச் சுமக்கிற விலங்கை ஒரே நிற லினோகட்டாக அச்சிடும் வேலையை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். வரிசை மாறினால் என்ன கெடும் என்பதும் அங்கங்கே வரும். எடுத்துக்காட்டுக்கு என்னுடைய கட்டை ஒன்றையே வைத்துக்கொள்கிறேன்: முன்னங்கால்கள் இரண்டும் கயிற்றால் பிணைக்கப்பட்டு, தத்தித் தத்தி மேய்கிற ஒரு கழுதை. முதல் முறை அதைச் சொதப்பினேன். அந்தச் சொதப்பலும் உதவும்.

1. கையில் இருக்க வேண்டியவை

லினோ: சுமார் 3 மி.மீ. தடிமன், பின்புறம் சணல் துணி ஒட்டியது. முதல் கட்டைக்கு நோட்டுப் புத்தகப் பக்கத்தின் அளவு போதும். லினோ என்பது ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து செய்தது. நாள்பட்டால் காய்ந்துபோகும். லேசாக வளைத்துப் பாருங்கள். மேற்பரப்பில் வெடிப்பு ஓடினால் அதை விட்டுவிடுங்கள். ரப்பர் போல மெத்தென்ற தகடுகளும் கிடைக்கின்றன. செதுக்கச் சுகமாக இருக்கும். ஆனால் மெல்லிய கோடுகள் அழுத்தத்தில் நசுங்கும், விலங்கின் மயிரும் மீசையும் அதில் நிற்காது.

உளி: மூன்று போதும். வி, யு என்பது வெட்டுமுனையின் வடிவம். சிறிய வி-உளி ஒன்று, நடுத்தர யு-உளி ஒன்று, அகல யு-உளி ஒன்று. பன்னிரண்டு உளிகள் கொண்ட பெட்டியை வாங்கிவிட்டு எதையும் தீட்டாமல் வைத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றை வாங்கி, கூடவே தீட்டுவதற்கு ஒரு தோல் பட்டையும் வாங்குங்கள்.

மை, ரோலர், மை பரப்ப ஒரு கண்ணாடித் தகடு, டிரேசிங் பேப்பர், மென்மையான 4பி பென்சில், சோதனைக்குப் பழைய செய்தித்தாள், அச்சுக்கு மென்மையான மெல்லிய தாள், தேய்க்க ஒரு மரக்கரண்டி. அச்சு எந்திரம் தேவையில்லை. கட்டை நகராமல் தடுக்க, மேசை விளிம்பில் மாட்டும் தடுப்புப் பலகை ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் செதுக்குகிறவர்கள் இடது கையால் கட்டையைப் பிடிப்பார்கள். உளி வழுக்கினால் நேராக அந்தக் கையில்தான் போய் ஏறும்.

இவற்றோடு ஒரு நோட்டு. அடுத்த மூன்று படிகளுக்கு அது மட்டும் போதும்.

2. விலங்கைத் தேடாதீர்கள், சம்பவத்தைத் தேடுங்கள்

“என் மண்ணைக் காட்டும் விலங்கு எது?” என்று உட்கார்ந்து யோசித்தால் கொடியிலும் முத்திரையிலும் இருக்கிற விலங்குதான் வரும். அதற்கு ஏற்கெனவே ஒரு பொருள் ஒட்டியிருக்கும்: சிங்கம் என்றால் வீரம், ஆந்தை என்றால் ஓரிடத்தில் அறிவு, இன்னோரிடத்தில் கெட்ட சகுனம். அந்தப் பொருள் உங்களுடையதில்லை. அதை அச்சடித்தால் அகராதியில் ஒரு பதிவைப் படியெடுத்ததுபோல ஆகிவிடும்.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். அந்த இடத்தில் ஒரு விலங்கு உங்களை நிறுத்தி வைத்த ஒரு நேரத்தை நினைத்து, ஐந்து வாக்கியம் எழுதுங்கள். எப்போது, எவ்வளவு தூரத்தில், உங்கள் உயரம் அப்போது என்ன, விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது, நீங்கள் ஏன் நின்றீர்கள். உயரத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சின்னஞ்சிறு பிள்ளைக்குக் கழுதையின் முதுகு தெரியாது. வயிறும் முழங்காலும்தான் தெரியும். அந்த ஒரு தகவலே படத்தின் பார்வைக்கோணத்தை முடிவு செய்துவிடும்.

என்னுடைய ஐந்தில் மூன்றாவது வாக்கியம் இது: “கயிறு கட்டிய இடத்தில் மயிர் உதிர்ந்து, தோல் கறுத்து மினுங்கியது.” கழுதையைப் பற்றி எனக்கு வேறு எதுவும் சொல்வதற்கு இல்லை என்று அப்போது தெரிந்தது. மொத்தக் கட்டையும் அந்த நான்கு விரல் அகலத்துக்காகத்தான்.

வட இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் 1753-இல் பிறந்த தாமஸ் பெவிக், இறுகிய பாக்ஸ் மரத்தின் குறுக்குவெட்டில் அச்சுக்காகப் படங்களைச் செதுக்கியவர். 1828-இல் அவர் இறக்கும்போது கையில் இருந்த முடியாத வேலை, சாவுக்குக் காத்து நிற்கும் ஒரு கிழக் குதிரை. எலும்பு துருத்திய உடம்பு, தொங்கிய தலை. குதிரைக்கு வழக்கமாகக் கொடுக்கும் கம்பீரம் எதையும் அவர் அதற்குக் கொடுக்கவில்லை. உழைத்து முடித்த உடம்பு கடைசியில் எப்படி நிற்குமோ அப்படி நிற்கிறது.

அடிக்கடி நடக்கும் பிழை: ஐந்து வாக்கியத்தில் “அது சுதந்திரத்தைக் குறிக்கிறது” போன்ற ஒன்றை நுழைத்துவிடுவது. அதை அடித்துவிடுங்கள். எது எதைக் குறிக்கிறது என்று பார்க்கிறவர் பார்த்துக்கொள்வார்.

3. விலங்கைச் சுற்றி இருந்தவற்றைப் பட்டியலிடுங்கள்

வெள்ளைத் தாளின் நடுவில் தனியாக ஒரு விலங்கை நிறுத்துவது புதியவர்களின் இரண்டாவது பழக்கம். தனியாக நின்றால் அது எந்த ஊருக்கும் போகும். எந்த ஊரிலும் தங்காது.

இதற்கு நம் இலக்கணத்திலேயே ஒரு நல்ல கருவி இருக்கிறது. தொல்காப்பியம் ஒரு நிலத்தின் கருப்பொருளைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று ஒரே மூச்சில் அடுக்குகிறது. விலங்கு அங்கே தனியாக வருவதே இல்லை. என்ன மரத்தடியில், என்ன வேலைக்கு நடுவில், எந்தச் சத்தத்தோடு என்பதெல்லாம் சேர்ந்துதான் வருகிறது. உலகத்தின் எந்த நிலத்துக்கும் இந்த எட்டையும் தலைப்பாக எழுதி நிரப்பிப் பார்க்கலாம்.

எட்டையும் நிரப்புங்கள், ஆனால் படத்துக்குள் இரண்டைத்தான் எடுங்கள். மூன்று வைத்தாலே படம் கண்காட்சி அரங்கம் மாதிரி ஆகிவிடும். எனக்குக் கிடைத்த பட்டியலில் தொழில், மரம் இரண்டையும் வைத்துக்கொண்டேன்: பக்கத்தில் ஒரு மூட்டை, பின்னால் இலையில்லாத ஒரு முள்மரம். மற்ற ஆறும் நோட்டிலேயே இருக்கட்டும். கோடுகளின் தன்மையை முடிவு செய்யும்போது அவை உதவும். பறை என்ற தலைப்பில், அந்த இடத்தின் சத்தமாக, “காய்ந்த புல் நொறுங்குவது” என்று எழுதியிருந்தேன். தரையைக் குறுக்கே வெட்டுண்ட சின்னச் சின்னக் கோடுகளால் செதுக்க வேண்டும் என்று அதிலிருந்துதான் தோன்றியது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சில சமூகங்களில் ஒரு விலங்கின் வடிவமும் அதை வரையும் விதமும் குறிப்பிட்ட குலத்துக்கு உரியவை. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் டோரஸ் நீரிணைத் தீவினரிடமும் இது இன்றும் உயிரோடு இருக்கும் உரிமை. உங்கள் பட்டியலில் அடுத்தவருடைய குலச்சின்னம் இருந்தால் அதை எடுக்காதீர்கள்.

4. முதலில் நினைவிலிருந்து வரையுங்கள், பிறகு உடம்பைச் சரிபாருங்கள்

இந்த இரண்டின் வரிசை முக்கியம். முதலிலேயே புகைப்படத்தைத் திறந்தால் நினைவு அதோடு அழிந்துவிடும். புகைப்படத்துக் கழுதை காதை விறைத்துக்கொண்டு உங்களைப் பார்க்கும். உங்கள் கழுதை உங்களைப் பார்க்கவே இல்லை.

எதையும் பார்க்காமல் ஆறேழு முறை வரையுங்கள். அசிங்கமாகத்தான் வரும், பரவாயில்லை. எந்தப் பகுதி ஒவ்வொரு முறையும் பெரிதாகிறது என்று கவனியுங்கள். எனக்கு முழங்கால் பெரிதாகிக்கொண்டே போனது. அந்த மிகையை அப்படியே வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் நேரில் ஒரு விலங்கையோ படத்தையோ பார்த்து மூட்டு எங்கே மடங்குகிறது, குளம்பு எப்படி ஊன்றுகிறது என்று திருத்த வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் 1515-ஆம் ஆண்டுக் காண்டாமிருகமே சாட்சி. குஜராத்திலிருந்து லிஸ்பனுக்குப் போன காண்டாமிருகம் அது. டியூரர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு கடிதத்தையும் ஒரு கோட்டோவியத்தையும் வைத்து நியூரம்பர்க்கில் மரச்செதுக்கு செய்தார். பிடரியில் இல்லாத ஒரு குட்டிக் கொம்பு முளைத்தது, தோல் இரும்புக் கவசமானது. படம் அபாரமாக இருந்ததால் பதினெட்டாம் நூற்றாண்டுவரை ஐரோப்பா அந்தக் கொம்பைப் படியெடுத்துக்கொண்டே இருந்தது.

டியூரர் அளவுக்கு வரைய முடிந்தால் தப்பான கொம்பும் நிற்கும். நமக்கு அந்தச் சலுகை கிடையாது. அந்த விலங்கோடு வாழ்ந்த ஒருவர் படத்தைப் பார்த்ததும் முதலில் கேட்பது “பின்னங்கால் இப்படியா மடங்கும்?” என்பதாகத்தான் இருக்கும்.

5. குறைத்துக்கொண்டே போங்கள்

லினோவில் சாம்பல் நிறம் கிடையாது. மை இருக்கும், இல்லையென்றால் தாள் இருக்கும். அதனால் பென்சில் ஓவியத்தை அப்படியே கட்டைக்கு மாற்ற முடியாது. அதைச் சுருக்க வேண்டும்.

பிகாசோ 1945 டிசம்பரிலிருந்து 1946 ஜனவரி வரை ஒரே லித்தோ கல்லில் (படம் வரைந்து அச்சிடும் கல்) ஒரு காளையை 11 நிலைகளாக மாற்றி மாற்றி அச்சிட்டார். தொடக்கத்தில் காளை கனத்துக்கொண்டே போகிறது. பிறகு ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் சில கோடுகள் மட்டும் மிஞ்சுகின்றன. நீங்கள் நாலைந்து முறை செய்தால் போதும். ஒவ்வொரு முறையும் டிரேசிங் பேப்பரை முந்தைய படத்தின் மேல் வைத்து, ஏதாவது ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் வரையுங்கள்.

நிறுத்துவதற்கு ஒரு சோதனை உண்டு. விலங்கின் உருவத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பி, இன்னொருவரிடம் காட்டி என்ன விலங்கு என்று கேளுங்கள். என் முதல் நிழலுருவைப் பார்த்த பையன் ஒருவன் சற்றும் யோசிக்காமல் “முயல்” என்றான். காதுகளை மட்டும் நம்பியிருந்தேன். குதிரையிலிருந்து கழுதையைப் பிரிப்பது காது மட்டுமில்லை. நுனியில் மட்டும் குஞ்சம் வைத்த வால், நிமிர்ந்து நிற்கும் குட்டைப் பிடரி, உடம்புக்குப் பெரிய தலை ஆகியவையும்தான். வாலைத் திருத்தியதும் முயல் போய்விட்டது.

எதைக் குறைத்தாலும் ஐந்து வாக்கியத்தில் கனமாக இருந்த அந்த ஒன்றைக் குறைக்கக்கூடாது. எனக்கு அது கயிறு.

6. எது கறுப்பு, எது வெள்ளை

பெரும்பாலோர் யோசிக்காமல் தாண்டிப் போகிற படி இதுதான். ஆனால் படத்தின் பொருள் பெரும்பாலும் இங்கேதான் உருவாகிறது. ஒரே வரைபடத்தை நான்கு சின்னக் கட்டங்களில் கறுப்பு மார்க்கரால் நான்கு விதமாக நிரப்பிப் பாருங்கள்.

வெள்ளைத் தரையில் கறுத்த விலங்கு: உச்சி வெயில் மாதிரி இருக்கும். விலங்கு கனமாகவும் நாம் அதை வெளியிலிருந்து பார்ப்பதாகவும் தோன்றும். கறுப்புத் தரையில் வெள்ளைக் கோட்டால் மட்டும் வந்த விலங்கு: இரவு, அல்லது மறதியிலிருந்து எட்டிப் பார்ப்பது. நமீபியாவில் வேலை செய்த ஜான் முவாஃபாங்கேஜோவின் (1943–1987) லினோகட்டுகளைப் பாருங்கள். கெட்டியான கறுப்பும் வெட்டென்ற வெள்ளையும் நெருக்கமாக மோதிக்கொள்ளும். மனிதரும் மாடும் வீடும் ஒரே தரையில் வரிசையாக நிற்பார்கள். பிரேசிலின் வடகிழக்கில் ஜில்வான் சாமிக்கோ (1928–2013) செய்தது இதற்கு எதிர்த்திசை. அச்சேறாத வெள்ளை விரிந்து கிடக்கும், அதில் பறவையும் பாம்பும் இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்து நிற்கும். அந்த ஊர்த் தெருக்களில் விற்ற மலிவுக் கதைப்பாட்டுப் புத்தகங்களின் அட்டை மரச்செதுக்குகளிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட சிக்கனம் அது. இரண்டு பேருமே தங்கள் நிலத்தைச் செதுக்கியவர்கள்தான். கறுப்பையும் வெள்ளையையும் பங்கிட்ட விதத்தில் ஒருவர் கூட்டத்துக்குள் நிற்கிறார், மற்றவர் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

என் முதல் கட்டையில் கழுதை கறுப்பு, தரை வெள்ளை. கயிறும் கறுப்பு. கறுத்த காலில் கறுத்த கயிறு எப்படித் தெரியும்? தெரியவில்லை. சொல்ல வந்த ஒரே விஷயம் படத்தில் காணாமல் போயிருந்தது. இரண்டாவது கட்டையில் உடம்பை நெருக்கமான வெள்ளைக் கீறல்களால் நரைத்த மாதிரி ஆக்கி, கயிறு கட்டிய இடத்தை மட்டும் கீறாமல் கெட்டிக் கறுப்பாக விட்டேன். பார்க்கிறவரின் கண் முதலில் அங்கேதான் போனது.

அடுத்து, வெட்டுத் துண்டு ஒன்றில் கோட்டு வகைகளைப் பழகிக்கொள்ளுங்கள். மயிர், சேறு, தண்ணீர், காய்ந்த புல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெட்டு. மயிருக்கான கோடு உடம்பின் வளைவோடு ஓட வேண்டும். நேராக இழுத்தால் விலங்கு அட்டைப்பெட்டி ஆகிவிடும். கனடாவின் பாஃபின் தீவைச் சேர்ந்த கெனோஜுவாக் அஷெவாக்கின் 1960-ஆம் ஆண்டு ஆந்தையில் இறகுகள் உடம்பைவிட்டு வெளியே கதிர்கள்போல் வளைந்து பாய்கின்றன. அவர் வரைந்ததைக் கல்லில் செதுக்கியவர்கள் வேறு ஆட்கள். ஆனாலும் அந்த வளைவின் ஓட்டம் எங்கும் அறுபடவில்லை.

7. புரட்டி மாற்றுங்கள்

கட்டையில் இருப்பது தாளில் இடம்வலமாகத் திரும்பி விழும். எல்லோருக்கும் தெரிந்ததுதான், எல்லோரும் மறப்பதும் இதைத்தான்.

எழுத்து இருந்தால் பிழை உடனே தெரிந்துவிடும். நிலக்காட்சியில் அப்படித் தெரியாது. நான் முள்மரத்துக்குப் பின்னால் ஒரு குன்றை வைத்து, புரட்டாமல் செதுக்கிவிட்டேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த இடத்தில் வளர்ந்த ஒரு பெரியவர் தாளைக் கையில் வாங்கியதும் சொன்னார்: “குன்று இந்தப் பக்கம் வராதே!” அதற்கப்புறம் அவர் கழுதையைப் பார்க்கவே இல்லை. அந்த மண்ணைத் தெரிந்தவர்களுக்கு மரமும் குன்றும் முகத்தில் மூக்கும் கண்ணும் மாதிரி.

விலங்கு எந்தப் பக்கம் போகிறது என்பதும் இதோடு சேர்ந்தது. ஊரைவிட்டுப் போகிறதா, திரும்பி வருகிறதா? நினைவில் ஒரு திசை இருக்கும். அதைக் காப்பாற்றுங்கள்.

செய்யும் முறை எளிது. இறுதி வரைபடத்தை டிரேசிங் பேப்பரில் 4பி பென்சிலால் அழுத்தி வரையுங்கள். பென்சில் பக்கம் லினோவைத் தொடும்படி கவிழ்த்து, நான்கு மூலையையும் ஒட்டி, பின்பக்கம் கரண்டியால் தேயுங்கள். படம் இடம்வலம் மாறி லினோவில் ஏறிவிடும். அதன்மேல் அழியாத பேனாவால் கோட்டை உறுதியாக்குங்கள். பென்சில் கை பட்டாலே அழிந்துபோகும். கடைசியாக மொபைல் கேமராவை எடுத்து, கண்ணாடிபோலத் திருப்பிக் காட்டும் வசதியில் கட்டையைப் பாருங்கள். தாளில் எப்படி வரும் என்பது அதில் தெரிந்துவிடும்.

மாற்றும் முன் லினோவின்மேல் நீர்த்த வண்ண மை ஒரு பூச்சுக் கொடுத்து உலரவிடுவது நல்லது. வெட்டிய இடம் வெளிர் நிறமாகத் தனித்துத் தெரியும். எவ்வளவு வெட்டினோம் என்ற குழப்பம் வராது.

8. செதுக்கும் வரிசை

முதலில் லினோவைச் சூடாக்குங்கள். வெயிலில் பத்து நிமிடம், அல்லது ஹேர் டிரையர். குளிர்ந்த லினோ பொடிந்து உடையும். சூடான லினோ வெண்ணெய் மாதிரி சுருண்டு வரும்.

அடுத்து சிறிய வி-உளியால் விலங்கின் வெளிக்கோட்டை வெட்டுங்கள். பிறகு உள்ளே உள்ள மெல்லிய கோடுகள். கடைசியில்தான் அகல யு-உளியால் பின்னணியை அகற்ற வேண்டும். வெளிக்கோடு ஒரு வாய்க்கால் மாதிரி. அகல உளி வேகமாக வரும்போது அங்கே வந்து நின்றுவிடும், காலுக்குள் பாயாது. வரிசையை மாற்றி முதலில் பின்னணியை எடுத்தவர்களின் விலங்குகளுக்குப் பெரும்பாலும் ஒரு காது குறைவாக இருக்கும்.

கோட்டின் ஓரம் வெளிப்பக்கம் சரிய வேண்டும், மலையின் அடிவாரம் மாதிரி. உளியை உள்பக்கம் சாய்த்து அடியில் குடைந்துவிட்டால் அந்தக் கோடு தேய்க்கும் அழுத்தத்தில் பெயர்ந்துவிடும்.

வளைவுகளில் உளியைத் திருப்பாதீர்கள். உளி நேராகவே இருக்கட்டும், கட்டையைச் சுழற்றுங்கள். இடது கை எப்போதும் உளியின் பின்பக்கம்.

விலங்கின் கண்ணைத் தொடாதீர்கள். அது கெட்டிக் கறுப்பாகவே இருக்கட்டும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது; கண்ணுக்கு எவ்வளவு வெள்ளை தேவை என்பது முதல் சோதனை அச்சைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

9. சோதனை அச்சு, அதைக் காட்டும் விதம்

முழுக்கச் செதுக்கி முடிப்பதற்கு முன்பே, முக்கால்வாசியில், செய்தித்தாளில் ஒரு ப்ரூஃப் எடுங்கள். அதைச் சுவரில் ஒட்டி மூன்று அடி தள்ளி நின்று பாருங்கள். பிறகு தலைகீழாக ஒட்டிப் பாருங்கள். விலங்கு என்பது மறந்துபோய்க் கறுப்பும் வெள்ளையும் மட்டும் தெரியும்; எந்தப் பக்கம் கனம் அதிகம் என்று புரியும்.

பின்னணியில் உளி விட்டுப்போன மேடுகள் மை பிடித்துக் கீற்றுக் கீற்றாகத் தெரியும். எல்லாவற்றையும் சுத்தமாக்க அவசரப்படாதீர்கள். என் கட்டையில் அவை காற்றில் பறக்கும் புழுதி மாதிரி இருந்தன. தலைக்குப் பக்கத்தில் இருந்தவற்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டுவிட்டேன்.

அப்புறம், அந்த நிலத்தைத் தெரிந்த ஒருவரிடமும் தெரியாத ஒருவரிடமும் ப்ரூஃபைக் காட்டுங்கள். “நல்லா இருக்கா?” என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். “என்ன நடக்குது?” என்று கேளுங்கள். தெரிந்தவர் தன் கதை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் படம் வேலை செய்கிறது. தெரியாதவர் கட்டிய காலைக் கவனித்தால் அதுவும் போதும். இரண்டு பேரும் “அழகான கழுதை” என்று மட்டும் சொன்னால் ஆறாவது படிக்குத் திரும்பிப் போங்கள்.

இப்போது கண். ஒரே ஒரு வி-வெட்டு, அரிசி நுனி அளவு. எடுத்து, ப்ரூஃப் போட்டுப் பார்த்து, தேவையானால் இன்னொன்று.

10. மையும் தாளும்

கண்ணாடித் தகட்டில் கொஞ்சமாக மை எடுத்து, ரோலரை நான்கு திசையிலும் உருட்டுங்கள். காதால் கேட்க வேண்டிய வேலை இது. மை அதிகமானால் சளசளவென்று ஒட்டும் சத்தம் வரும். சரியானால் பட்டுத் துணியைத் தேய்ப்பது போன்ற மெல்லிய சரசரப்பு. கட்டையில் ஒரே தடவையில் கெட்டியாகப் பூசாமல் மெல்லிதாக நான்கைந்து முறை பூசுங்கள். கெட்டி மை நுண்கோடுகளுக்குள் இறங்கி நிரம்பிவிடும். நரைத்த கழுதை மறுபடி கறுத்துப்போகும்.

நீர் மையைச் சுலபமாகக் கழுவலாம், ஆனால் கையால் தேய்த்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும்; அச்சு புள்ளி புள்ளியாக வரும். கையால் அச்சிடுகிறவர்களுக்கு எண்ணெய் மைதான் என் சிபாரிசு. உலர இரண்டு மூன்று நாளாவது ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அட்டையில் கட்டையின் மூலைக்கும் தாளின் மூலைக்கும் குறி போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பிரதியிலும் படம் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கும். தாளை வைத்த பிறகு நகர்த்தக் கூடாது. நடுவில் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கரண்டியின் பின்புறத்தால் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சின்ன வட்டங்களாகத் தேயுங்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். வெளிறிய இடம் இருந்தால் அப்படியே கீழே விட்டு அங்கே மட்டும் மறுபடி தேயுங்கள்.

முதல் இரண்டு மூன்று பிரதிகள் வெளிறித்தான் வரும். கட்டை மை குடித்துப் பழக வேண்டும். அவற்றை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

11. எண், தலைப்பு, கையெழுத்து

மை உலர்ந்த பிறகு, படத்துக்குக் கீழே பென்சிலால் எழுதுங்கள். இடப்பக்கம் எண், நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்தும் ஆண்டும். 4/20 என்றால் இருபதில் நான்காவது. இருபது என்று எழுதிவிட்டால் இருபதோடு நிறுத்த வேண்டும்.

தலைப்பில்தான் கடைசிச் சறுக்கல் நடக்கும். இவ்வளவு பாடுபட்டுக் கயிற்றைக் காட்டிவிட்டு, கீழே “அடிமைத்தனம்” என்று எழுதிவிடுவார்கள். பார்க்கிறவர் தானாகப் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு நாமே பலகை நட்டுவிட்டால் அவர் படத்தை விட்டுப் பலகையைத்தான் படிப்பார். நேரத்தையோ இடத்தையோ நடப்பையோ எழுதினால் போதும். என்னுடையது “மேய்ச்சல், மதியம்”.

கட்டையை எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, தட்டையாகப் படுக்க வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் வளைந்துவிடும். நோட்டில் எழுதிய ஐந்து வாக்கியங்களையும் படியெடுத்து, சணல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த கட்டைக்கு உட்காரும்போது முதலில் புரட்டிப் பார்ப்பது அதைத்தான்.